சின்ன டெரஸ் வீட்டில் மூன்றாவது படுக்கையறை: சுவரை எங்கே எழுப்புவது?

கேள்வி

வணக்கம். இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கும் மேல் பழைய ஒரு டெரஸ் வீட்டில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில், இருக்கிறோம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்தான். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, நடுவில் குறுக்காக ஏறும் மாடிப்படி. பின்னால் நீட்டிக் கட்டிய பகுதியில் கீழே சமையலறை, அதற்கு நேர் மேலே பாத்ரூம்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு எட்டு. இருவரும் பின்னறையில் தூங்குகிறார்கள். இடம் போதாது என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாத்ரூமுக்குப் போக வேண்டும் என்றால் அந்த அறைக்குள் நுழைந்து, கட்டிலைச் சுற்றி, அடுத்த கதவு வழியாகத்தான் போக வேண்டும். அதுதான் தாங்க முடியவில்லை. கணவர் வேலை முடிந்து வரும்போது இரவு பதினொன்றரை. போனில் இருக்கும் விளக்கைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அறையைத் தாண்டுவார். அப்படியும் மகன் விழித்துக்கொள்கிறான். மகள் போன மாதம் கதவில் "தட்டிவிட்டு வரவும்" என்று எழுதி ஒட்டினாள். அவள் அறைக்கு இரண்டு கதவு. உடை மாற்றும்போது ஒரு கதவைத் தாழிட்டு, இன்னொன்றை முதுகால் சாத்திக்கொண்டு நிற்கிறாள். ஒரு நாள் தெரியாமல் தள்ளிவிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே இது தெரிந்தது. அன்றிலிருந்து இதே யோசனைதான்.

வீடு மாறும் வசதி இல்லை. இருக்கிற வீட்டுக்குள்ளேயே ஓர் அறை எடுத்தாக வேண்டும். அளவுகள் தருகிறேன், எல்லாம் சுவருக்குச் சுவர் மீட்டரில்:

முன்னறை: அகலம் 3.7, நீளம் 3.6. தெருப்பக்கம் ஒரே ஒரு பெரிய ஜன்னல்.
பின்னறை: அகலம் 3.7, நீளம் 3.9. பழைய கணப்படுப்பின் புகைபோக்கிப் புடைப்பு ஒரு பக்கச் சுவரில் இருக்கிறது, பாத்ரூம் கதவு அதற்கு எதிர்ப்பக்கம்.
பாத்ரூம்: அகலம் 2.1, நீளம் 3.3. கடைசிச் சுவரில் சின்ன ஜன்னல், தோட்டத்தைப் பார்த்து.
கூரைக்கு அடியில் இருக்கும் லாஃப்ட்: உச்சியிலிருந்து கீழே உள்ள கட்டை வரை உயரம் 2.08.

முன்னறையை நடுவில் தடுத்து இரண்டாக்கலாமா? லாஃப்ட்டை அறையாக்கலாமா? அல்லது பாத்ரூமைக் கீழே சமையலறைக்குப் பின்னால் கொண்டுபோகலாமா? கடைசி யோசனைக்காகக் கொல்லையில் பாதியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1

அக்கா, முன்னறையைத் தயவுசெய்து தடுக்காதீர்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம், நான்கு வருஷம் கழித்துச் சுவரைப் பிடுங்கிப் போட்டோம்.

எங்களுடையதும் ஏறக்குறைய உங்கள் அளவுதான். 3.7 மீட்டரைத் தடுத்தால் ஆளுக்கு 1.8 தான் வரும். கட்டில் 90 செண்டிமீட்டரை எடுத்துக்கொண்டால் மீதி 90. அதில் ஓர் அலமாரி வைத்தால் அதன் கதவு திறக்காது. திறக்க வேண்டும் என்றால் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். ஜன்னல் ஒன்றுதான் என்பதால் புதுச் சுவர் நேராக ஜன்னலின் நடுச் சட்டத்தில் போய் முட்டியது. அந்த இடத்தில் மரச்சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. நுரை அடைத்தோம், பட்டை ஒட்டினோம், ஒன்றும் நிற்கவில்லை. ஒரு அறையில் பக்கம் புரட்டுகிற சத்தம் அடுத்த அறையில் கேட்கும். ரேடியேட்டர் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது, அடுத்த பக்கம் குளிர்காலம் முழுவதும் ஜன்னல் ஓரத்தில் கறுப்புப் பூஞ்சை.

எங்களுக்கு வேலை செய்து கொடுத்தவர் ஒருமுறைகூடக் கட்டிலின் அளவைக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சுவர் எழும்பி வண்ணம் அடித்த பிறகுதான் கடைக்குப் போய்க் கட்டில் பார்த்தோம். நீங்கள் எந்த வழியில் போனாலும் சரி, முதலில் தரையில் நிறப் பட்டை ஒட்டி, சுவர், கட்டில், கதவு திறக்கும் வளைவு எல்லாவற்றையும் போட்டு, இரண்டு நாள் அதற்குள் நடந்து பாருங்கள்.

மறுமொழி 2

தங்கச்சி, நான் முப்பது வருசமாகத் தச்சு வேலை. உங்களுடையதைப் போன்ற வீடுகளில்தான் பாதி வாழ்க்கை போனது. உங்கள் அளவுகளை ஒரு தாளில் கீறிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உங்களுக்கு வேண்டிய அறை ஏற்கனவே இருக்கிறது. அதில் இப்போது குளியல்தொட்டி கிடக்கிறது. 2.1க்கு 3.3, தோட்டத்துப் பக்கம் யன்னல். பாத்ரூமை உள்ளுக்கு இழுத்துவிட்டு அதைப் படுக்கையறையாக்குங்கள்.

அதற்கு முதலில் வேண்டியது ஒரு நடை, அதாவது ஒடுக்கமான நடைவழி. பாத்ரூம் கதவு இருக்கிற பக்கம், படியின் தலைப்பிலிருந்து பின்சுவர் வரை 85 செண்டிமீட்டர் அகலத்தில் நேராக ஒரு நடை எடுங்கள். புகைபோக்கி எதிர்ப்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய அதிர்ஷ்டம். ஒரே பக்கமாக இருந்தால் நடை அரை மீட்டராகக் குறுகியிருக்கும், இந்தத் திட்டமே நடக்காது. நடையும் சுவரும் போகப் பின்னறைக்கு 2.75 அகலம் மிஞ்சும். அதில் படிப்பக்கமாக 1.1 மீட்டரை வெட்டிக் குளியலறையாக்குங்கள். தொட்டி வராது. ஒரு முனையில் ஷவர், நடுவில் கைகழுவும் தொட்டி, மறுமுனையில் கழிப்பிடம், எல்லாம் ஒரே வரிசையில். கதவை வெளியே திறக்க வையுங்கள், அல்லது தள்ளுகதவு. மிச்சமிருக்கிற அறை 2.75க்கு 2.7, யன்னலோடு. நல்ல தனி அறை.

இப்படிச் செய்தால் மூன்று அறைக்கும் கதவு நடையிலோ படித்தலைப்பிலோதான் இருக்கும். ஒருவர் அறைக்குள்ளால் இன்னொருவர் நடக்கிறது அடியோடு நின்றுவிடும். என் கணக்கில் உங்களுக்கு இதுதான் முதல் லாபம், கூடுதல் அறை இரண்டாவது.

இதில் தலையிடி தருவது கழிவுக்குழாய். அதை வடிவாக விளங்கிக்கொண்டு ஆட்களோடு கதைக்கப் போங்கள். கழிப்பிடத்துக் குழாய் 110 மில்லிமீட்டர். ஒவ்வொரு மீட்டருக்கும் குறைந்தது 18 மில்லிமீட்டர் சரிவு வேண்டும். புதிய இடத்திலிருந்து பின்சுவர் மூலையில் நிற்கிற பழைய குழாய் வரை மூன்றரை மீட்டர் என்று வையுங்கள். சரிவு மட்டும் 63 வந்துவிடும். குழாயோடு சேர்த்து 173. இந்த வீடுகளில் மேல்மாடித் தரையைத் தாங்குகிற கட்டைகள் பெரும்பாலும் ஏழு அங்குலம், அதாவது 175 அளவில். தாளில் கொள்ளும். கையில் கொள்ளாது, ஏனென்றால் கழிப்பிடத்தின் வளைவுக்கும் ஷவருக்கு அடியில் நாற்றம் வராமல் தடுக்கிற நீர்ப்பொறிக்கும் இடம் வேண்டும். ஆகவே குளியலறையின் தரையை மட்டும் 150 மில்லிமீட்டர் உயர்த்துங்கள், வாசலில் ஒரு படி ஏறுகிற மாதிரி. பழைய வீட்டுக் கூரைத்தட்டு உயரமாக இருக்கும், தலை இடிக்காது. அந்த ஒரு படியால் எல்லாச் சரிவும் சுகமாக வந்துவிடும்.

இன்னொன்று: அந்தக் கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். கம்பளத்தின் மூலையைத் தூக்கினால் தெரியும். தரைப்பலகை பக்கத்துவீட்டுச் சுவரிலிருந்து மறு பக்கத்துவீட்டுச் சுவருக்கு ஓடினால், கட்டைகள் முன்பின்னாக ஓடுகின்றன, குழாய் இரண்டு கட்டைக்கு நடுவால் போய்விடும். பலகை முன்பின்னாக ஓடினால் கட்டைகள் குறுக்கே. 110 குழாய்க்காக யாராவது கட்டையில் வெட்டு விழுத்துகிறேன் என்றால் அந்த ஆளை அனுப்பிவிடுங்கள், தரை தொங்கிப்போகும். அப்படியானால் தரையை இன்னும் உயர்த்த வேண்டும், அல்லது குழாயை நடையின் ஓரமாகப் பெட்டி கட்டிக் கொண்டுபோக வேண்டும். அரைத்துத் தள்ளுகிற பம்ப் கழிப்பிடம் போடலாம் என்று சொல்வார்கள். வீட்டில் சாதாரணமாகச் சரிவில் ஓடுகிற கழிப்பிடம் ஒன்றாவது இருந்தால்தான் இங்கே அது விதிப்படி சரி. உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதனால் அந்த வழி இல்லை.

புதுக் குளியலறைக்கு யன்னல் இராது. காற்றிழுக்கும் மின்விசிறி விநாடிக்கு 15 லீட்டராவது இழுக்க வேண்டும், விளக்கை அணைத்த பிறகும் 15 நிமிடம் ஓட வேண்டும். அதன் குழாயைக் கூரைக்குள்ளே அம்போ என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஓட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். குழாயைச் சுற்றிக் குளிர் தடுக்கிற பஞ்சும் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் குளிர் நாளில் ஆவி தண்ணீராகி அதே குழாயால் திரும்ப வந்து சொட்டும்.

வேலையை எந்த ஒழுங்கில் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுக் குளியலறையை முழுதாக முடித்து, தண்ணீர் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பழையதில் கை வைக்க வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு கழிப்பிடம் இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

புகைபோக்கிப் புடைப்பைத் தொடாதீர்கள். அதை எடுத்தால் மேலே நிற்கிற பாரத்துக்கு இரும்புச் சட்டம், பொறியாளர் கணக்கு, அதோடு 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் (பொதுச்சுவர்) சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு இரண்டு மாத முன்னறிவித்தல். அதில் கிடைப்பது முப்பத்தைந்து செண்டிமீட்டர். காணாது. யன்னல் பக்கம் புடைப்புக்கு அருகில் உள்வாங்கி இருக்கிற மூலையில் அலமாரி அடித்தால் அந்த இடமே உடுப்புக்குப் போதும்.

மறுமொழி 3

லாஃப்ட் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 2.08 போதாது. இப்போது இருப்பவை கூரைத்தட்டைத் தாங்கும் மெல்லிய கட்டைகள், ஆள் நடக்கும் தரைக்கு ஆகாது. புதுக் கட்டைகள் போட்டால் தரை உயரும், கூரையின் உட்பக்கம் குளிர் தடுக்கும் பலகை போட்டால் மேலிருந்தும் குறையும். உச்சிக்கு நேர் கீழேகூட நிமிர்ந்து நிற்பது கஷ்டம். 2.2 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் நான் லாஃப்ட்டை நினைக்கவே மாட்டேன்.

டெரஸ் வீட்டுக்குத் திட்ட அனுமதி கேட்காமலே 40 கன மீட்டர் வரை கூரையைப் பெருக்கலாம் என்பது உண்மைதான் (பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தால் அதுவும் இல்லை). ஆனால் மூன்றாம் தளம் வந்துவிட்டால் தீ விதி மாறிவிடும். மேலிருந்து தெருக்கதவு வரை படி முழுவதும் தீத்தடுப்புச் சுவருக்குள், தீத்தடுப்புக் கதவுகளோடு இருக்க வேண்டும். உங்கள் படி கீழே நேராக உட்காரும் அறைக்குள் இறங்கினால், அந்த அறையிலிருந்து ஒரு துண்டை வெட்டி நடை எடுக்க வேண்டியிருக்கும். மேலே ஓர் அறைக்காகக் கீழே இருக்கும் ஒரே நல்ல அறையைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

மறுமொழி 2 சொன்ன திட்டத்துக்கும் தீ விஷயம் உண்டு. இரண்டு தளம் மட்டும் என்றால், மேலே இருக்கும் ஒவ்வொரு படுக்கையறையிலும் ஆள் வெளியேறக்கூடிய ஜன்னல் இருந்தால் போதும். திறக்கும் பகுதி 0.33 சதுர மீட்டர், அகலமும் உயரமும் தலா 450 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. திறப்பின் அடி விளிம்பு தரையிலிருந்து 1100க்கு மேல் போகக் கூடாது. அகலம் சரியாக 450 என்றால் உயரம் 735 வேண்டும், இல்லாவிட்டால் பரப்பு வராது. பழைய பாத்ரூம் ஜன்னல் பெரும்பாலும் மேல்பக்கம் மட்டும் திறக்கும் மங்கல் கண்ணாடியாக இருக்கும். அதை மாற்ற வேண்டும். எந்த வேலையானாலும் தொடங்கும் முன், கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கண்ட்ரோலில் பதிவு செய்துவிடுங்கள். முடிவில் அவர்கள் தரும் சான்றிதழ் இல்லையென்றால், வீட்டை விற்கும்போது அந்த அறையை அறை என்று சொல்ல முடியாமல் தடுமாற வேண்டியிருக்கும்.

கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை முழுவதும் இதுதான் வேலை. கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். பலகை பக்கத்துவீட்டுச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஓடுகிறது. ஆக, கட்டைகள் முன்பின்னாகத்தான். ஆணிகள் வரிசையாக நேர்கோட்டில் தெரிந்தன. படி இறங்குவது உட்காரும் அறைக்குள்தான், லாஃப்ட் கதை அதோடு முடிந்தது.

அப்புறம் நீலப் பட்டை வாங்கி வந்து பின்னறையில் நடையையும் குளியலறையையும் போட்டோம். கட்டிலை எல்லாம் முன்னறைக்கு இழுத்துவிட்டு, மகன் ஷவர் இருக்கும் இடத்தில் நின்று கையை விரித்துப் பார்த்தான். முழங்கை பட்டைக்கு வெளியே போகவில்லை. மகள் ஒன்றும் பேசாமல் பாத்ரூமில் போய், தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இங்கே மேசையை ஜன்னல் பக்கம் போடலாமா?" என்று கேட்டாள். அவளுக்கு அந்த அறைதான்.

இரண்டு சந்தேகம். அந்தப் பகுதி இப்போதே பனிக்கட்டி மாதிரி இருக்கிறது. சுவரைத் தொட்டால் ஈரம் போலச் சில்லென்று இருக்கும். தூங்கும் அறையாக ஆகுமா? இன்னொன்று, அந்த அளவை அறை என்று சொல்லலாமா, அல்லது நான் அவளை ஒரு பெட்டிக்குள் அடைக்கிறேனா?

மறுமொழி 2

நல்ல கேள்வி கேட்டீர்கள் தங்கச்சி. பின்னால் நீட்டின பகுதிகளில் செங்கல் ஒற்றைச் சுவராக, நடுவில் இடைவெளி இல்லாமல் இருக்கும். மூன்று பக்கமும் வெளிக்காற்று படுகிறதா, அல்லது ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் இரண்டு சுவருக்கு மட்டும் வேலை. முதலில் வெளியே போய் மழைநீர்ப் பீலி ஒழுகுகிறதா, செங்கல் இடைச்சாந்து உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். ஈரச் சுவரை உள்ளே மூடினால் அது பலகைக்குப் பின்னால் அழுகும். பிறகு வெளிச்சுவர்களில் உட்பக்கமாக 50 மில்லிமீட்டர் குளிர்தடுப்பு ஒட்டிய பிளாஸ்டர் பலகை அடிக்கலாம். எல்லாம் சேர்ந்து 60 அளவில் தின்னும். கூரைத்தட்டுக்கு மேலேயும் பஞ்சு தடிப்பாக இருக்க வேண்டும், அங்கே பெரும்பாலும் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

அப்படிச் செய்த பிறகு உங்கள் அறை 2.04க்கு 3.24, அதாவது 6.6 சதுர மீட்டர். 1985ஆம் ஆண்டின் வீட்டுச் சட்டத்தில் நெரிசல் கணக்கிடுகிற பட்டியலில் ஒரு ஆள் படுக்க 70 சதுர அடி என்று இருக்கிறது, அது 6.5 சதுர மீட்டர். உங்கள் மகளின் அறை அதைத் தாண்டுகிறது. 100 மில்லிமீட்டர் தடிப்பில் பலகை அடிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அளவு கீழே போய்விடும், அதை நினைவில் வையுங்கள். 7.5 சதுர மீட்டர் என்கிற அளவு புதிதாகக் கட்டுகிற வீட்டுக்குச் சொல்வது, பழைய வீட்டைப் பிரிக்கிறபோது அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கட்டிலைக் குறுக்கே போடப் பார்க்காதீர்கள். மெத்தை 1.9 மீட்டர் என்றாலும் சட்டத்தோடு இரண்டு மீட்டரை எட்டும். சுவரடிப் பலகை இரண்டு பக்கமும் இரண்டிரண்டு செண்டிமீட்டர் எடுக்கும், கடைசியில் ஒரு விரல் கூட மிஞ்சாது. நீளச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், கால்மாட்டுக்கு அப்பால் யன்னலடியில் மேசைக்கு ஒரு மீட்டருக்கு மேல் கிடைக்கும். கதவு 686 அகலத்தில் போதும், கட்டிலுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் போய்ச் சாய்கிற மாதிரி தொங்கவிடச் சொல்லுங்கள்.

குசினிக்கு மேலே இருப்பதால் தரைக்கட்டைகளுக்கு நடுவிலும் பஞ்சு அடைக்கச் சொல்லுங்கள். பாத்ரூம் தரையைப் பிரிக்கிறபோது அது திறந்துதான் கிடக்கும், அதற்காகத் தனியாக உடைக்க வேண்டியதில்லை. குளியலறைக்கும் மகனின் அறைக்கும் நடுவில் எழும்புகிற சுவருக்கும் அதே பஞ்சும், சாதாரணப் பலகைக்குப் பதில் சத்தம் தடுக்கிற கனமான பலகையும் போட வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் இரவு பதினொன்றரைக்குத் தண்ணீர் திறக்கிற சுவர் அதுதான்.

கேட்டவர்

ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டித்தான் இருக்கிறது, இரண்டு சுவர்தான் வேலை. பீலியைப் பார்த்தேன், மூலையில் இணைப்பு விட்டிருக்கிறது, அதற்கு நேர் கீழேதான் அந்தச் சில்லென்ற இடம். முதலில் அதைச் சரிசெய்ய ஆள் சொல்லியாகிவிட்டது. கனமான பலகை என்று குறித்துக்கொண்டேன், வேலைக்கு விலை கேட்கும் மூன்று பேரிடமும் அதையும் 150 மில்லிமீட்டர் படியையும் எழுதியே கொடுக்கப் போகிறேன். நீலப் பட்டையை இன்னும் எடுக்கவில்லை. நேற்றிரவு கணவர் வந்து, கோட்டுக்குள்ளேயே நடந்து பாத்ரூமுக்குப் போனார்.